குறைவது கொழுப்பா, தசையா? எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் உடற்பயிற்சி

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு முதல் சில மாதங்களில் எடைக்கருவியின்மேல் ஏறி நிற்பதைவிட மகிழ்ச்சியான வேலை இருக்காது. போன வாரத்தைவிட இந்த வாரம் இரண்டு கிலோ குறைந்திருக்கும். நடந்தாலும் குறைகிறது, படுத்துக் கிடந்தாலும் குறைகிறது. தானாகக் கரைகிற எடைக்கு எதற்கு உடற்பயிற்சி என்று தோன்றுவது இயல்புதான்.

நியாயமான சந்தேகம் அது. மழுப்பாமல் பதில் சொல்வதானால், அந்த முதல் மாதங்களில் நீங்கள் பயிற்சி செய்தாலும் செய்யாவிட்டாலும் எடைக்கருவி காட்டும் எண் பெரிதாக மாறப்போவதில்லை. உடற்பயிற்சி செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் எடை வித்தியாசம் சொற்பமாகவே இருந்திருக்கிறது. மாறுவது அந்த எண்ணுக்குள்ளே இருக்கும் கணக்கு. பத்து கிலோ குறைந்தது என்றால் அதில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை? எடைக்கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் முழங்காலுக்கும் முதுகெலும்புக்கும் இரண்டும் ஒன்றல்ல.

விளக்கை அணைக்கும் வீடு

இந்த அறுவை சிகிச்சைகளில் இரண்டு வகை பரவலானவை. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய்போல விட்டுவைக்கிறார்கள். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையை உருவாக்கி, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கிறார்கள். இரண்டிலும் உண்ணும் அளவு சுருங்குகிறது. பசியைத் தூண்டும், வயிறு நிறைந்ததாக உணர்த்தும் ஹார்மோன்களின் போக்கும் மாறுகிறது. முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு உள்ளே போகும் ஆற்றல் ஆயிரம் கலோரியைக்கூடத் தொடாது.

வருமானம் திடீரென்று விழுந்துவிட்ட வீட்டில் என்ன செய்வார்கள்? சேமிப்பை எடுத்துச் செலவு செய்வார்கள். கூடவே, யாரும் புழங்காத அறையில் எரியும் விளக்கை அணைப்பார்கள். உடலும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. சேமித்துவைத்த கொழுப்பைக் கரைக்கிறது. பயன்படாத தசையையும் கலைக்கிறது, ஏனென்றால் தசையைப் பராமரிப்பது உடலுக்குச் செலவுள்ள காரியம். இப்படி இழக்கும் எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் கொழுப்பல்லாத திசுவாக இருக்கக்கூடும். 40 கிலோ குறைந்தவரிடம் அது 8 முதல் 12 கிலோ. அந்தக் கணக்கில் நீரும் உண்டு, ஆகவே முழுவதும் தசை என்று அஞ்ச வேண்டாம். ஆனால் கணிசமான பங்கு தசைதான்.

தசை போனால் என்ன நட்டம்? சும்மா இருக்கும்போதும் உடல் எரிக்கும் ஆற்றல் குறையும். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதிகமாக உள்வாங்கும் இடம் தசை என்பதால் நீரிழிவு உள்ளவருக்கு அது கூடுதல் இழப்பு. மெலிந்த பிறகும் படி ஏறினால் கால் நடுங்கும். எழுபது வயதில் தரையில் உட்கார்ந்தால் யாராவது கைகொடுத்துத் தூக்கவேண்டியிருக்கும். அறுவை சிகிச்சை உடலிடம் “குறை” என்று மட்டும்தான் சொல்கிறது. எதைக் குறைக்கக் கூடாது என்று சொல்லும் வேலை உடற்பயிற்சியினுடையது. அந்த அறையில் ஆள் இருக்கிறார்கள், விளக்கை அணைக்காதே என்று உடலுக்குத் தெரிவிக்கும் வழி அது. கீழே வரும் எல்லாவற்றையும் இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

படுக்கையிலிருந்து வாசல்வரை

பயிற்சித் திட்டம் அறுவை நடந்த அன்றே தொடங்கிவிடுகிறது. மயக்கம் தெளிந்து சில மணி நேரத்தில் செவிலியர் வந்து எழுந்து நடக்கச் சொல்வார். அப்போது அவர்மேல் வரும் கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அந்த நாலடி நடைக்குப் பின்னால் உயிர் காக்கும் காரணம் இருக்கிறது. படுத்தே கிடந்தால் காலின் ரத்தக்குழாய்களில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலில் போய் அடைத்தால் ஆபத்து. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அதனாலேயே அதற்கு இரண்டாவது இதயம் என்று பட்டப்பெயர். படுத்திருக்கும் நேரங்களில் பாதத்தை முன்னும் பின்னும் அசைப்பதும் இதே வேலையைச் செய்யும். இந்த அபாயம் மருத்துவமனையோடு முடிவதில்லை, வீட்டுக்கு வந்த பிறகும் முதல் மாதம்வரை தொடர்கிறது. எனவே நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பயணம் செய்வதைத் தள்ளிப்போடுவது நல்லது.

ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சியும் அந்த நாட்களில் உண்டு. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி கட்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள், வலி குறையும். எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுங்கள். தோள்பட்டையில் வலி வந்தால் திகைக்க வேண்டாம். நுண்துளை அறுவையின்போது வயிற்றுக்குள் செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. சில நாட்களில் போய்விடும், நடந்தால் ஆறுதலாக இருக்கும்.

வீடு திரும்பிய முதல் இரண்டு வாரங்களில் திரவ உணவில்தான் இருப்பீர்கள். கையிலும் காலிலும் தெம்பே இருக்காது. இந்தக் கட்டத்தில் ஒரே மூச்சில் முப்பது நிமிடம் நடக்கவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொள்வது வீண். ஐந்து நிமிடம் நடந்து உட்காருங்கள். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ஐந்து நிமிடம். ஒரு நாளில் ஐந்தாறு முறை இப்படி நடந்தாலே கணக்கு சேர்ந்துவிடும். இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு நடையில் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டே போனால், நான்காவது வாரத்தில் பலரால் நிற்காமல் இருபது நிமிடம் நடக்க முடிகிறது. முடியாவிட்டால் குடி முழுகிப்போகாது. மூன்றாவது வாரத்தில் உங்களால் எட்டு நிமிடம்தான் முடிகிறது என்றால் எட்டு நிமிடம் நடங்கள்.

சுமை தூக்குவதில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். தோலில் தெரியும் துளைகள் விரலகலம்கூட இருக்காது, பத்து நாளில் ஆறிவிடும். கீழே இருக்கும் தசைச் சுவர் அவ்வளவு வேகமாக ஆறுவதில்லை. அதற்குள் பாரத்தை இழுத்தால் ஆறாத துளை வழியாகக் குடல் பிதுங்கி வரலாம், அதுதான் குடலிறக்கம். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட எதையும் தூக்க வேண்டாம் என்பார்கள். சில மருத்துவர்கள் ஏழு கிலோ என்பார்கள். வயிற்றை நீளமாகத் திறந்து செய்த அறுவை என்றால் காலம் இன்னும் கூடும். வீட்டில் கைக்குழந்தை இருப்பவருக்குத்தான் இது பெரிய சோதனை. ஆசையாக ஓடிவரும் குழந்தையைத் தூக்காமல் இருப்பது கடினம். உட்கார்ந்துகொள்ளுங்கள், வேறு யாராவது குழந்தையை மடியில் வைக்கட்டும். நீச்சலும் தண்ணீரில் அமிழ்ந்து செய்யும் பயிற்சிகளும் காயங்கள் முழுக்க மூடிய பிறகுதான்.

இங்கே தந்திருக்கும் வாரக் கணக்குகள் எல்லாம் பொதுவானவை. உங்கள் அறுவை எப்படி நடந்தது என்பது உங்கள் மருத்துவருக்குத்தான் தெரியும். மறுபரிசோதனைக்குப் போகும்போது “நான் உடற்பயிற்சி செய்யலாமா” என்று கேட்டால் “செய்யலாம்” என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை கிலோ தூக்கலாம், எந்த வாரத்திலிருந்து, வயிற்றுப் பயிற்சி எப்போது, என் மாத்திரைகளில் எதற்குக் கவனம் தேவை என்று உடைத்துக் கேளுங்கள்.

மடக்கு மடக்காகத் தண்ணீர்

மற்றவர்களுக்கான உடற்பயிற்சி அறிவுரைகள் உங்களுக்கு அப்படியே பொருந்தாமல் போகும் முதல் இடம் தண்ணீர். ஓடிக் களைத்தவர் அரை லிட்டரை அண்ணாந்து குடித்துவிடுவார். உங்களால் முடியாது. புது இரைப்பை அவ்வளவை வாங்காது, வலிக்கும், வாந்தி வரும். ஆகவே பயிற்சி முடிந்த பிறகு தாகத்தைத் தணித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. காலையிலிருந்தே மடக்கு மடக்காகக் குடித்து உடலில் நீரைச் சேர்த்துவைத்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டராவது போகவேண்டும், வியர்த்தால் அதற்கு மேலும். சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, சாப்பிட்ட பின் அரை மணி நேரம் குடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு நாளில் தண்ணீருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு குறைவு என்பது புரியும். சாப்பாடு, அரை மணி இடைவெளி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், பிறகு நடை என்று வரிசைப்படுத்திக்கொள்வது பலருக்குச் சரிப்படுகிறது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் அன்றைக்குப் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு தண்ணீரைக் கவனியுங்கள்.

விளையாட்டு வீரர்கள் கையில் பிடித்திருக்கும் வண்ண வண்ண பானங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றில் சர்க்கரை கரைந்திருக்கிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு, சில வேளைகளில் ஸ்லீவ் செய்தவர்களுக்கும், சர்க்கரை வேகமாகச் சிறுகுடலில் இறங்கினால் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி எல்லாம் ஒன்றாக வரும். இதற்கு டம்பிங் என்று பெயர். இதிலேயே தாமதமாக வரும் வகை ஒன்று உண்டு. மாவும் இனிப்பும் நிறைந்த உணவுக்குப் பின் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். இது பெரும்பாலும் அறுவை முடிந்து ஓராண்டுக்குப் பிறகே தலைகாட்டும். அந்த நேரத்தில் வேகமாக நடந்துகொண்டிருந்தால் தலைசுற்றிக் கீழே விழவும் வாய்ப்பு உண்டு. அடிக்கடி இப்படி நேர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு வீட்டில் முடங்குவது தீர்வாகாது. உணவின் வகையையும் நேரத்தையும் மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் பேசி மாற்ற வேண்டும்.

மருந்துகளும் இதே வகையில் கவனிக்க வேண்டியவை. எடை குறையக் குறைய பழைய அளவு மாத்திரைகள் கூடுதலாகிப்போகும். இன்சுலின் போட்டுக்கொள்பவர், கணையத்தைத் தூண்டும் நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் எல்லாரும் அளவை மருத்துவரிடம் அடிக்கடி சரிபார்த்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து எழும்போது கண் இருட்டுகிறது என்றால் “பலவீனம்” என்று நீங்களாகவே முடிவுகட்டிவிடாதீர்கள், ரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள்.

எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம்

கையில் கட்டிய கருவி காட்டும் இதயத் துடிப்பை வைத்துப் பயிற்சியின் கடினத்தை அளப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ரத்த அழுத்தத்துக்காகச் சிலர் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துடிப்பையே மட்டுப்படுத்திவிடும். அவர்களுக்கு அந்த எண் தப்பான சேதியைத்தான் சொல்லும். அதைவிட எளிய அளவுகோல் வாய். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது என்றால் கடினமான பயிற்சி. தாராளமாகப் பாட முடிகிறது என்றால் உலாவுகிறீர்கள். உலாவுவதிலும் தவறில்லை, முதல் மாதத்துக்கு அதுவே போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வயதுவந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். எடை மீண்டும் ஏறாமல் பார்த்துக்கொள்ள விரும்புபவர்கள் அந்த வரம்பின் மேல் எல்லையை நோக்கிப் போவது நல்லது. இந்த எண்களை முதல் மாதத்தில் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு மனம் வெதும்ப வேண்டாம். ஆறாவது மாதத்துக்குள் 150 நிமிடத்தை எட்டினால் நல்ல முன்னேற்றம்தான்.

எட்டுவதற்கு உடலே உதவுகிறது என்பதுதான் இந்தப் பயணத்தின் இனிமையான பகுதி. முழங்கால் தேய்மானம் உள்ள பருமனானவர்களிடம் செய்த ஆய்வு ஒன்றில், எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால்மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைவதாகக் கண்டார்கள். பதினைந்து கிலோ குறைந்தால் அடிக்கு அறுபது கிலோ! ஒரு காலத்தில் தெருமுனைவரை நடந்தாலே முழங்கால் கெஞ்சியவர், நாலைந்து மாதத்தில் அரை மணி நேரம் நடந்துவிட்டு “வலியே இல்லையே” என்று வியப்பது இதனால்தான். இதை ஒட்டி ஒரு எச்சரிக்கையும் உண்டு. மூட்டு வலித்தால் கடையில் கிடைக்கும் ஐபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் போன்ற வலி நிவாரணிகளை எடுத்து விழுங்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. பைபாஸ் செய்தவருக்கு இவை புது இணைப்பில் புண் உண்டாக்கலாம். ஸ்லீவ் செய்தவரும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

தசைக்கு வேலை கொடுங்கள்

நடையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். தசைப் பயிற்சியைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, பெண்களிடம் பேசுபவர்கள் இன்னும் குறைவு. நடை இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது. ஆனால் விளக்கை அணைக்காதே என்று உரக்கச் சொல்லும் குரல் தசைப் பயிற்சியுடையதுதான். நேரமே இல்லை, வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னால், அதில் முக்கால் மணி நேரத்தையாவது இதற்கு ஒதுக்கச் சொல்வேன்.

பலரும் கவனிக்காத ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. 130 கிலோ எடையோடு வாழ்ந்தவரின் கால் தசைகள் உண்மையில் வலுவானவை. ஒவ்வொரு முறை நாற்காலியிலிருந்து எழும்போதும், ஒவ்வொரு படியிலும், அவை பெரும் பாரத்தைத் தூக்கியிருக்கின்றன. அவர் அறியாமலே ஆண்டுக்கணக்கில் நடந்த பளுதூக்கும் பயிற்சி அது. அறுவைக்குப் பிறகு 90 கிலோவுக்கு இறங்கும்போது அந்த 40 கிலோ பாரம் அவர் உடலைவிட்டு இறங்கிவிடுகிறது. அன்றாட வேலைகள் சுலபமாகின்றன, அதனாலேயே தசைக்கு வேலை இல்லாமல் போகிறது. முன்பு செய்த அதே நடை, அதே படி, இப்போது தசையைத் தக்கவைக்கப் போதாது. ஆகவே உடலிலிருந்து இறங்கிய பாரத்தில் கொஞ்சத்தைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, டம்பெல் வடிவத்திலோ இழுக்கும் ரப்பர் பட்டை வடிவத்திலோ.

தொடங்குவதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு நாற்காலியும் ஒரு சுவரும் போதும். மருத்துவர் அனுமதித்த பிறகு, பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறாவது வாரத்துக்குள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பியுங்கள். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழுந்தால் பயிற்சியின் பாதிப் பலன் போய்விடும். பிறகு சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி உடலைச் சாய்த்து மீளுங்கள், மார்புக்கும் தோளுக்கும் வேலை கிடைக்கும். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ரப்பர் பட்டையை உறுதியான ஒன்றில் மாட்டி, முழங்கை விலாவை உரசும்படி உங்களை நோக்கி இழுத்தால் முதுகுத் தசைகள் விழிக்கும். இந்த நான்கு அசைவுகளில் உடலின் பெரிய தசைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேலை கிடைத்துவிடும்.

ஒவ்வொன்றையும் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, ஓய்வு எடுத்து இன்னொரு சுற்று. வாரத்தில் இரண்டு நாள், நடுவே ஒரு நாளாவது இடைவெளி. கடைசி இரண்டு முறை கொஞ்சம் திணறவேண்டும். திணறாமல் பன்னிரண்டும் முடிந்துவிட்டது என்றால் பயிற்சியை ஒரு படி கடினமாக்கும் நேரம் வந்துவிட்டது. சுவருக்குப் பதில் மேசை விளிம்பு, வெறுங்கைக்குப் பதில் இரண்டு கிலோ டம்பெல். பாரத்தைத் தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், ஆறிவரும் இடங்களுக்கு அது ஆகாது.

படுத்துக்கொண்டு எழும் வயிற்றுப் பயிற்சிக்குப் பலரும் அவசரப்படுகிறார்கள். வயிற்றை வருத்தும் பயிற்சிகளை எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம்வரையாவது தள்ளிப்போடுங்கள், அதற்கும் மருத்துவரின் சம்மதம் வேண்டும். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். எந்தத் தசைக்கு வேலை கொடுத்தாலும் கொழுப்பு எங்கிருந்து போகவேண்டும் என்பதை உடலே தீர்மானிக்கிறது.

தசைக்கு வேலை கொடுத்தால் மட்டும் போதாது, அதைக் கட்டுவதற்குப் பொருளும் வேண்டும். அந்தப் பொருள் புரதம். அறுவைக்குப் பிறகு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். கைப்பிடி அளவே கொள்ளும் இரைப்பைக்கு இது எளிதல்ல. அதனால்தான் தட்டில் இருப்பதில் புரதத்தை முதலில் சாப்பிடச் சொல்கிறார்கள். இரும்பு, பி12, டி வைட்டமின், கால்சியம் மாத்திரைகளை விடாமல் எடுப்பதும் பயிற்சியோடு சேர்ந்த காரியம்தான். நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்கு ஏழெட்டு மாதத்தில் திடீரென்று மூச்சு வாங்கத் தொடங்கினால், சோம்பல் என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்து ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கட்டும். எலும்பின் அடர்த்தியும் இந்த அறுவைகளுக்குப் பிறகு, குறிப்பாக பைபாஸுக்குப் பிறகு, குறைகிறது. எலும்பின்மேல் பாரம் விழும் நடை, படி ஏறுதல், பளுப் பயிற்சி ஆகியவை அதைத் தாங்கிப்பிடிக்க உதவும். நீச்சல் எவ்வளவுதான் சுகமாக இருந்தாலும் இந்த ஒன்றில் அது பின்தங்கியதுதான்.

சொல்லக் கூச்சப்படும் சிக்கல்கள்

எடை வேகமாகக் குறைந்தால் தோல் கூடவே சுருங்குவதில்லை. வயிறு, தொடை, மேல்கை என்று தொங்கும் தோல் நடக்கும்போது உரசிச் சிவந்து புண்ணாகும். வியர்வை தேங்கினால் பூஞ்சைத் தொற்றும் வரும். உடலை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி உடை இங்கே உண்மையான மருந்து. பயிற்சி முடிந்ததும் மடிப்புகளை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். பயிற்சியால் தொங்கும் தோல் இறுகிவிடும் என்று உறுதி கூறுபவர்களை நம்ப வேண்டாம். அடியில் தசை வளர்ந்தால் தோற்றம் ஓரளவு சீராகும், அதற்கு மேல் இல்லை.

இருமினால், வேகமாக நடந்தால், குதித்தால் சிறுநீர் கசிவது பருமனான பெண்களில் பலருக்கு உண்டு. எடை குறைந்தால் பெரும்பாலும் இதுவும் குறைகிறது. அதுவரை இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளலாம். வெட்கப்பட்டுக்கொண்டு நடையையே கைவிட்டவர்கள் இருக்கிறார்கள், அது வீண் இழப்பு.

உடலின் சமநிலையும் மாறுகிறது. முன்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த பாரம் போனதும் ஈர்ப்பு மையம் இடம்பெயர்கிறது. சில மாதங்களுக்கு நடையில் ஒரு தடுமாற்றம் இருக்கலாம். சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்கப் பழகுங்கள். இந்தத் தடுமாற்றத்தோடு தொடர்ந்து வாந்தி, பாதங்களில் மரமரப்பு, பார்வையில் குழப்பம் சேர்ந்தால் கதை வேறு. தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைபாடாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலை அது.

பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரை அழைக்கவேண்டிய மற்ற அறிகுறிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்பு வலி, காரணமில்லாத மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், காய்ச்சல், நிற்காத வாந்தி. முதல் வாரங்களில் ஓய்வாக இருக்கும்போதும் நாடித்துடிப்பு 120-க்கு மேலேயே நின்றால் உள்ளே தையலில் கசிவு இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. பைபாஸ் செய்தவருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் விட்டுவிட்டுச் சுருட்டிப் பிடிக்கும் கடும் வயிற்றுவலி வந்தால் குடல் உள்ளுக்குள்ளேயே சிக்கியிருக்க வாய்ப்புண்டு. பயிற்சியில் தசை பிடித்துக்கொண்டது என்று சுடுநீர் ஒற்றடம் கொடுத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

வாரத்தை அமைப்பது

அறுவைக்குப் பிறகு எவ்வளவு நடக்கிறீர்கள் என்று கேட்டால் முன்பைவிடப் பல மடங்கு என்பார்கள். அதே ஆட்களின் உடலில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்த ஆய்வில், உண்மையான உயர்வு மிகக் குறைவாகவே இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நடப்பது இலகுவானதால் நிறைய நடப்பதாக அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம் என்பது என் ஊகம். எனவே நினைவை நம்பாமல் அடி எண்ணும் கருவியையோ ஒரு குறிப்பேட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் அடி என்ற இலக்கு எல்லாருக்கும் பொருந்தாது. இந்த வாரம் சராசரியாக நாளுக்கு மூவாயிரம் அடி என்றால் அடுத்த வாரம் மூவாயிரத்து ஐந்நூறு என்று வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது மாதத்தில் இருக்கும் ஒருவரின் வாரம் எப்படி இருக்கலாம்? திங்கள், புதன், வெள்ளியில் காலை இருபது நிமிடமும் மாலை பத்து நிமிடமும் நடை. செவ்வாயும் சனியும் இருபது நிமிடத் தசைப் பயிற்சி, அதற்கு முன் ஐந்து நிமிடம் உடலைச் சூடாக்கும் மென்நடை. வியாழன் பிடித்த எதுவும், நீச்சலோ மிதிவண்டியோ நடனமோ. ஞாயிறு ஓய்வு. வேலை நேரம் குழம்பிய வாரத்தில் எதையாவது விடவேண்டும் என்றால் நடையில் ஒரு நாளை விடுங்கள், தசைப் பயிற்சியை விடாதீர்கள்.

மூன்றாவது, நான்காவது வாரத்திலோ அதற்குப் பிறகு எப்போதாவதோ எடைக்கருவி முள் சில நாட்கள் அசையாமல் நிற்கும். உடலில் நீர் சேர்வதும் வெளியேறுவதும்தான் பெரும்பாலும் காரணம். இந்தத் தேக்கத்தில் பயந்துபோய்ப் பயிற்சியை இரட்டிப்பாக்கி, சாப்பாட்டைப் பாதியாக்குபவர்கள் தசையைத்தான் பலிகொடுக்கிறார்கள். எடைக்கருவியை வாரம் ஒருமுறைக்கு மேல் தொடாதீர்கள். அதற்குப் பதிலாக, முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று மாதம் ஒருமுறை எண்ணித் தேதியோடு எழுதிவையுங்கள். தசை இருக்கிறதா போகிறதா என்ற கேள்விக்கு வீட்டிலேயே கிடைக்கும் பதில் அது.

பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் எடை தன் அடிமட்டத்தைத் தொடும். அதன் பிறகு பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், உண்ணும் அளவும் கூடும், பலருக்குச் சில கிலோ ஏறவும் செய்யும். முதல் ஆண்டில் எடைமேல் பெரிய செல்வாக்கு இல்லாதிருந்த உடற்பயிற்சிக்கு அப்போதுதான் செல்வாக்கு வருகிறது. இரண்டாம் ஆண்டில் புதிதாகத் தொடங்குவதும் சாத்தியம்தான், கடினம். எனவே அறுவைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவராக நீங்கள் இருந்தால், நாற்காலியில் எழுந்து உட்காரும் அந்த எண்ணை இன்றே எடுத்துவிடுங்கள். பிறகு ஒப்பிட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.